தாளில் தேநீர்க் கெண்டி: பரிசுப்பெட்டி வடிவமைப்பில் வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிமுறையும்

விநோத வடிவத் தேநீர்க் கெண்டிகளின்மேல் ஆசை வைத்தவர்கள், அவற்றை அலமாரியில் அடுக்கிப் பார்ப்பதோடு நிற்காமல் தாளில் வெட்டி ஒட்டிப் பரிசுப்பெட்டியாக்க முனையும்போது, ஏறக்குறைய எல்லோரும் ஒரே வகைப் பிழைகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வயிறு சுருங்குகிறது, மூடி நழுவுகிறது, மூக்கு தொங்குகிறது, உள்ளே வைக்க வேண்டிய அல்வாப் பெட்டி வாசலிலேயே நின்றுவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை ஒட்டும்போது கண்ணில் படுகின்றனவே தவிர, ஒட்டும்போது உண்டாவதில்லை, வரையும்போதே உண்டாகிவிடுகின்றன. ஆகவே ஒவ்வோர் அறிகுறியையும் அது தென்படும் இடத்தில் பிடித்து, அது தொடங்கிய இடம் வரை பின்னோக்கிப் போவதே இங்கு முறை.

கணக்குகள் குழம்பாமல் இருக்க ஒரே மாதிரியை வைத்துப் பேசுகிறேன். வயிறு எட்டுப் பக்கம் கொண்டது. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே 100 மி.மீ.; அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஐவரி போர்டு என்னும் வழவழப்பான வெள்ளை அட்டை. சிவகாசி அச்சகங்கள் எட்டும் தூரத்தில் இருப்பதால் நெல்லைப் பக்கத்தில் நல்ல அட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெள்ளோட்டத்துக்குப் புது அட்டையை வெட்டுவது வீண். வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளே போதும். பலவும் இதே கனத்தில்தான் இருக்கும், மடிப்பும் இதேபோல்தான் விழும்.

அச்செடுத்த அளவு வரைந்த அளவோடு ஒத்துப்போகவில்லை

இதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கீழே சொல்லும் எந்தத் திருத்தமும் பலிக்காது. விரிப்புப் படத்தின், அதாவது பெட்டியைத் தட்டையாக விரித்து வரைந்த வெட்டுப்படத்தின், ஓரத்தில் 100 மி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டை வரைந்து வையுங்கள். அச்செடுத்ததும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 96 அல்லது 97 என்று காட்டினால், அச்சிடும்போது தாளுக்குள் அடக்கும் தெரிவு தானாக இயங்கியிருக்கிறது என்று பொருள். ஜெராக்ஸ் கடையில் "அண்ணாச்சி, நூறு சதவீதத்துல எடுங்க, தாளுக்குத் தக்கன சுருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போதும். வாட்ஸப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் பி.டி.எஃப். கோப்பாக, டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும். படமாகப் போனால் கோடுகளும் மங்கும், அளவும் தொலையும். வயிற்றை ஒரு கடையிலும் மூடியை இன்னொரு கடையிலும் அச்செடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பிழை கடைசி வரை பிடிபடாது, ஏனென்றால் இரண்டு துண்டுகளும் தனித்தனியே பார்க்கக் குறையில்லாமல்தான் இருக்கும்.

வயிறு உருண்டு வராமல் சுருக்கம் விழுகிறது

கோளத்தின் பரப்பைக் கிழிக்காமல், இழுக்காமல், சுருக்காமல் தட்டையாக விரிக்க முடியாது. தட்டைத் தாளையும் அவ்வாறே கோளமாக்க முடியாது. காஸ் என்ற கணித அறிஞர் 1827-இல் வெளியிட்ட வளைபரப்புத் தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு இது. உருளையாகவும் கூம்பாகவும் தாள் மனமுவந்து வளையும்; பந்தாக ஒருபோதும் வளையாது. ஆகவே நீரில் நனைத்தோ விரலால் நீவியோ வயிற்றை உருட்டப் பார்ப்பதை விட்டுவிட்டு, உருண்டையை எத்தனை தட்டைத் துண்டுகளாக விட்டுக்கொடுப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஆறு பக்கம் என்றால் பெட்டி முரட்டுத்தனமாகத் தெரியும். பன்னிரண்டு என்றால் ஒட்டுவாய்கள் பெருகிக் கைவேலை இரட்டிக்கும். எட்டுதான் கண்ணுக்கும் கைக்கும் நியாயமான எண்ணிக்கை என்பது என் முடிவு.

எட்டுப் பக்கமென்று எடுத்த பிறகும் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 100 மி.மீ. என்பது பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கா, மூலையிலிருந்து எதிர்மூலைக்கா? முதலாவதானால் ஒரு பக்கத்தின் அகலம் 41.4 மி.மீ.; இரண்டாவதானால் 38.3 மி.மீ. வயிற்றை ஒரு கணக்கிலும் மூடியை இன்னொரு கணக்கிலும் வரைந்துவிட்டால், எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் இரண்டும் சேராது. படத்தின் மேலேயே "பக்கத்துக்குப் பக்கம்" என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஒரு பக்கத்தின் வரைபடம். நடுக்கோட்டில் 41.4 மி.மீ. அகலம். அங்கிருந்து 25.9 மி.மீ. மேலே போனால் அகலம் 35.9, இன்னொரு 25.9 மி.மீ. போனால் 20.7. இந்த மூன்று அகலங்களையும் நேர்கோடுகளால் இணைத்தால் இரண்டு சரிவகங்கள் கிடைக்கும்; அவற்றுக்கு இடையே ஒரு கிடைமடிப்பு. நடுக்கோட்டுக்குக் கீழும் இதையே தலைகீழாகப் போட வேண்டும். எட்டையும் வரிசையாக வைத்தால் அகலம் 331 மி.மீ. ஆகிவிடும், ஏ4 தாளின் நீளமே 297 மி.மீ. என்பதால் அது அடங்காது. நான்கு நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் 10 மி.மீ. ஒட்டுப்பட்டை விட்டால் 176 மி.மீ. அகலத்தில் அழகாக அடங்கும். ஒட்டுப்பட்டைகளின் இரு முனைகளையும் சரித்து வெட்டாமல் சதுரமாக விட்டால், மடிப்பு கூடும் இடத்தில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உள்ளே முண்டு கட்டும். வெளியே அதுவே சுருக்கமாகத் தெரியும். சுருக்கம் கிடைமடிப்பில் மட்டும் விழுகிறதென்றால் காரணம் இதுதான்.

கணினியில் விரித்தால் துண்டுகள் நூற்றுக்கணக்கில் வருகின்றன, அடிப்பக்கத்தைக் காணவில்லை

ஆயத்த முப்பரிமாண மாதிரியைப் பதிவிறக்கிப் பெப்பக்குரா டிசைனர் போன்ற மென்பொருளில் விரிக்கும் வழியைப் பலர் நாடுகிறார்கள். தேடினால் முதலில் கிடைப்பது யூட்டா கெண்டி. யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் 1975-இல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைப் பார்த்து வரைந்து கணினிக்குக் கொடுத்த மாதிரி அது. அவர் வைத்திருந்த அசல் பீங்கான் கெண்டி இன்று கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. திரையில் ஒளியும் நிழலும் காட்டுவதற்காகப் பிறந்த மாதிரி என்பதால், பெட்டி செய்பவருக்கு அதில் பல பொறிகள் உள்ளன. முதல் வடிவத்தில் கெண்டிக்கு அடியே கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். அசலைவிட உயரமும் குறைவு. மூக்கும் கைப்பிடியும் வயிற்றின் சுவரோடு முறையாக இணையாமல் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்கும். பரப்புக்குக் கனமே கிடையாது.

எனவே விரிப்பதற்கு முன்பே பிளெண்டர் போன்ற மென்பொருளில் மாதிரியின் தட்டை முகங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வயிற்றுக்குள் நுழைந்திருக்கும் மூக்கின் முனையை வெட்டி நீக்கி, அடியை மூடிவிட வேண்டும். இவ்வளவையும் செய்யத் தெரிந்தவருக்கு மேலே சொன்ன எட்டுப் பக்கக் கணக்கை இங்க்ஸ்கேப் என்னும் வரைபட மென்பொருளில் நேராகவே வரைந்துவிடுவது இன்னும் எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் விரித்துத் தரும் படத்தில் ஒட்டுப்பட்டைகள் கண்ட இடத்தில் இருக்கும்; எதை எதற்குப் பிறகு ஒட்டுவது என்ற யோசனை அதற்குக் கிடையாது.

பெட்டி அழகாக நிற்கிறது, பரிசு உள்ளே போகவில்லை

தேநீர்க் கெண்டியின் வாய் தேயிலையும் வெந்நீரும் போவதற்காகத் திறந்தது. நம் மாதிரியில் அது 50 மி.மீ. மட்டுமே. கெண்டியின் மூடியையே பெட்டியின் மூடியாக வைத்துக்கொண்டால் ஏலக்காய், பனங்கற்கண்டு, கால்கிலோவுக்கும் குறைந்த தேயிலைப் பொட்டலம் போன்றவற்றைத்தான் கொடுக்க முடியும். கோவில்பட்டிக் கடலைமிட்டாயோ உடன்குடிக் கருப்பட்டியோ வைக்க வேண்டுமானால் பெட்டி வேறோர் இடத்தில் திறக்க வேண்டும்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது வயிற்றை நடுக்கோட்டில் இரண்டாகப் பிளப்பதுதான். பிளந்த பிறகுதான் மூக்கும் கைப்பிடியும் அந்தக் கோட்டின்மேலேயே உட்கார்ந்திருப்பது தெரியும். பாதி மேலேயும் பாதி கீழேயும் ஒட்ட முடியாது. இதற்குத் தீர்வு, வயிற்றின் நடுவே 40 மி.மீ. உயரத்தில் ஒரு நேர்ப்பட்டையைச் சேர்ப்பது. எட்டுச் செவ்வகங்கள், ஒவ்வொன்றும் 41.4 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம். மூக்கும் பிடியும் முழுக்க இந்தப் பட்டையின்மேல் உட்காரும். பட்டையின் மேல்விளிம்புதான் பெட்டி திறக்கும் இடம். அதற்கு மேலுள்ள குவிந்த பகுதி மொத்தமாகத் தூக்கும் மூடி. உச்சியில் தெரியும் கெண்டியின் சிறு மூடியும் குமிழும் வெறும் ஒப்புக்கு. நிலையாக ஒட்டிவிட வேண்டியவை.

திறப்பு 100 மி.மீ. ஆகிவிட்டதென்று 100 மி.மீ. சதுரப் பெட்டி உள்ளே போய்விடாது. எண்கோணத்துக்குள் சதுரம் பக்கங்களுக்கு இணையாக நுழையும்போது அதன் மூலைகள் சாய்வுப் பக்கங்களில் இடிக்கும், 70 மி.மீ. சதுரமே எல்லை. மூடி உட்கார உள்ளே ஒட்டும் உள்வளையமும் வந்துவிட்டால் 68 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கீழ்ப்பகுதி குறுகிக்கொண்டே போவதால் அந்தப் பெட்டி பட்டையின் அடியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள வெற்றிடம் உறுத்தினால் கடைசி வரிசைச் சரிவகங்களையே விட்டுவிடுங்கள். அடிப்பாகம் 50 மி.மீ. என்பதிலிருந்து 86.6 மி.மீ. ஆகும், அதில் 60 மி.மீ. சதுரப் பெட்டி தரை வரை இறங்கும். கெண்டியும் குப்புறச் சாயாமல் நிற்கும். அசல் கெண்டியின் ஒயில் சற்றுக் குறையத்தான் செய்யும். பரிசுப்பெட்டியில் ஒயிலா இடமா என்று வந்தால் நான் இடத்தின் பக்கம்தான்.

எந்த நிலையிலும் வேலை தொடங்க வேண்டியது உள்ளே போகும் பொருளிலிருந்து. கல்யாண வீட்டார் வந்து மறுவீட்டுக்குக் கொடுக்கப் பெட்டி கேட்டால் முதல் கேள்வி "உள்ள என்ன வைக்கப் போறீய?" என்பதாக இருக்க வேண்டும். அந்தப் பொட்டலத்தை வாங்கி மேசையில் வைத்து அளந்த பிறகே வயிற்றின் அளவு வரட்டும்.

மூடி இறுகிக்கொள்கிறது, அல்லது தூக்காமலே கழன்று வருகிறது

மூடி உட்காருவதற்குக் கீழ்ப்பகுதியின் உட்புறத்தில் ஓர் உள்வளையத்தை ஒட்டி, அது 12 மி.மீ. மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுகிறோம். மூடியின் சுவர் உள்நோக்கிச் சரிவதால், நீட்டிய பகுதியின் மூலைகளை V வடிவில் வெட்டி அதே சரிவுக்கு உள்நோக்கிச் சாய்த்துவிட வேண்டும். அந்த வளையம் வயிற்றைவிட எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்தான் மூடியின் தலைவிதி இருக்கிறது. அட்டையின் கனத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். பத்துத் துண்டுகளை இறுக்கி அடுக்கி அளந்து பத்தால் வகுத்தால் உண்மையான கனம் கிடைக்கும். அது 0.4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், இரு பக்கச் சுவருக்கும் சேர்த்து 0.8, அசைவுக்கு 0.5; ஆக, பக்கத்துக்குப் பக்க இடைவெளி 1.3 மி.மீ. குறைய வேண்டும். அதை எட்டுப் பக்கத்தில் பிரித்தால் ஒரு பக்கத்தின் அகலம் ஏறக்குறைய 0.5 மி.மீ. மட்டுமே குறையும்: 41.4 என்பது 40.9 ஆகும்.

வழக்கமாக நடப்பது என்னவென்றால், "ஒரு மில்லிமீட்டர்தானே" என்று ஒவ்வொரு பக்கத்திலும் 1 மி.மீ. கழித்துவிடுகிறார்கள். எண்கோணத்தில் ஒரு பக்கம் 1 மி.மீ. குறைந்தால் எதிரெதிர்ப் பக்க இடைவெளி 2.4 மி.மீ. குறைந்துவிடும். மூடி லொடலொடவென்று ஆடுவதற்கு இதுவே காரணம். ஆடும் மூடியை அவசரத்துக்குச் சரிசெய்ய, வளையத்தின் வெளிப்புறத்தில் ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தில் மெல்லிய தாள் கீற்றுகளை ஒட்டலாம். இறுகும் மூடிக்கு அப்படிக் குறுக்குவழி இல்லை; வளையத்தைப் புதிதாக வெட்ட வேண்டியதுதான்.

காலையில் சரியாக இருந்த மூடி மாலையில் இறுகுகிறதென்றால் குற்றம் காற்றின் ஈரத்துடையது. தாளின் இழைகள் ஈரத்தை உறிஞ்சித் தடிக்கும்போது, இழை ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்குத் திசையில்தான் தாள் அதிகம் விரியும். வயிற்றுக்கு இழை நெடுக்காகவும் வளையத்துக்குக் குறுக்காகவும் அமைந்துவிட்டால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும், தென்காசிப் பக்கம் சாரல் வீசும் ஆனி, ஆடியிலும் இது நன்றாகவே தெரியும். வெட்டும்போதே எல்லாத் துண்டுகளுக்கும் இழையை ஒரே பக்கமாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

இழையின் திசையை அறிய, அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் விரலால் ஈரமாக்குங்கள். சில நொடிகளில் அது குழல்போலச் சுருளும். குழலின் நீளவாட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் இழை ஓடுகிறது.

மூக்கின் அடியில் இடைவெளி தெரிகிறது, நாளடைவில் மூக்கு தொங்குகிறது

உருண்டையான கூம்பு மூக்கைச் சாய்வாகப் பொருத்த முயன்றால் இடைவெளி விழாமல் இராது. கூம்பைச் சாய்வாக வெட்டிய விளிம்பு, விரித்த படத்தில் நேர்கோடாகவோ வட்ட வில்லாகவோ இல்லாமல் அலை போன்ற வளைகோடாக வரும். அதைக் கையால் சரியாக வெட்டுவது கடினம். அதைவிட நான்கு பக்க மூக்கு நல்லது. அடியில் 22 மி.மீ. சதுரம், நுனியில் 12 மி.மீ. சதுரம் என்று குறுகும் குழல். 45 பாகை மேல்நோக்கிச் சாய வேண்டுமானால் இரண்டு பக்கத் துண்டுகளின் அடிவிளிம்பையும் 45 பாகையில் வெட்டி, கீழ்த்துண்டை மேல்துண்டைவிட ஏறக்குறைய 22 மி.மீ. நீளமாக விடவேண்டும். வயிற்றில் அதன் தடம் 22 மி.மீ. அகலமும் 31 மி.மீ. உயரமும் பிடிக்கும், 41.4-க்கு 40 என்ற நம் செவ்வகத்தில் தாராளமாக அடங்கும். ஆனால் மூக்கு ஒரு பக்கத்தின் நடுவில்தான் உட்கார வேண்டும். இரண்டு பக்கங்கள் கூடும் மூலையில் வைத்தால் எந்த ஒட்டும் நிற்காது.

தொங்குவதற்குக் காரணம் வேறு. மூக்கின் ஒட்டுப்பட்டைகளை வெளியே விரித்து வயிற்றின்மேல் ஒட்டினால், மூக்கின் எடை முழுவதும் பசையை உரிக்கும் பக்கமாகவே இழுக்கும். வயிற்றில் மூக்கின் தடத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு சாளரத்தை வெட்டி, பட்டைகளை உள்ளே நுழைத்து, உட்புறமாக மடித்து ஒட்டினால் அட்டையே மூக்கைத் தாங்கும். இதற்காகவே மூக்கையும் கைப்பிடியையும் வயிற்றைச் சுற்றி மூடுவதற்கு முன், நான்கு பக்கத் துண்டு தட்டையாகக் கிடக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். மூடிய பிறகு விரல் உள்ளே போகாது.

நேராக நீட்டிக்கொண்டிருக்கும் குட்டை மூக்குக்கு மட்டும் கூம்பு பொருந்தும். பத்தாம் வகுப்பில் படித்த கூம்பின் இடைக்கண்டம்தான் அது. அடி விட்டம் 30, நுனி விட்டம் 14, சாயுயரம் 50 மி.மீ. என்றால், வெளிவில்லின் ஆரம் 93.75, உள்வில்லின் ஆரம் 43.75, கோணம் 57.6 பாகை. கோணத்தை வேறு வழியில் சரிபார்க்க, நுனி ஆரமான 7-ஐ 43.75-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்குங்கள், அதே 57.6 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ விட்டத்தையும் ஆரத்தையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்.

கைப்பிடி துவள்கிறது

ஒற்றைக் கீற்றை வளைத்து ஒட்டிய பிடி ஒரு வாரத்துக்கு மேல் நிமிர்ந்து நிற்காது. காது வடிவில் இரண்டு பக்கத் துண்டுகள், அவற்றுக்கு இடையே 10 மி.மீ. அகலத்தில் வளைந்து செல்லும் கீற்று என்று குழலாகக் கட்டுங்கள். இங்கே ஒரு நுணுக்கம். பக்கத் துண்டுகளில் இழை மேலும் கீழுமாக ஓடினால் பிடி விறைப்பாக நிற்கும். நடுக்கீற்றிலோ இழை அகலவாட்டில் ஓட வேண்டும், அப்போதுதான் அது உடையாமல் சுருளும். இரண்டையும் ஒரே திசையில் வெட்டிவிட்டு, கீற்று மட்டும் ஏன் பல்லுப்பல்லாக மடிகிறது என்று கேட்பவர்கள் அநேகம்.

எவ்வளவு உறுதியாகக் கட்டினாலும் சிறுவர்கள் பிடியைப் பிடித்துத் தூக்கத்தான் செய்வார்கள். எடையுள்ள பரிசானால் பெட்டியின் அடியைச் சுற்றி ஒரு ரிப்பனைக் கொண்டுவந்து மேலே முடிச்சிட்டு, தூக்குவதற்கு அதைக் கொடுத்துவிடுவது மேல்.

மடிப்பில் வெள்ளைக் கோடு, ஒட்டிய இடத்தில் அலை

அடர்ந்த வண்ணத்தில் லேசர் அச்செடுத்த அட்டையை மடித்தால் மேலே படிந்த டோனர் வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரியும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரே அழுத்தில் கோடிட்ட பிறகு மடித்தால் பாதி தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு அதே நிறக் கலர் பென்சிலை மடிப்பின்மேல் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும். அதிக எண்ணிக்கையில் செய்பவர்கள் அச்சகத்தில் கொடுத்து கிரீசிங்கும் (மடிப்புக்கோடு அழுத்துவது) டை கட்டிங்கும் (அச்சு வைத்து வடிவமாக வெட்டுவது) சேர்த்துப் போட்டு வாங்கிவிடலாம். வண்ணமே அச்சிடாமல் நிற அட்டையிலோ கிராஃப்ட் தாளிலோ செய்தால் இந்தப் பிரச்சினையே எழாது. பத்தமடைப் பாயின் கோடுகளைப் போல மெல்லிய பட்டைகளை மட்டும் கிராஃப்ட் தாளின்மேல் அச்செடுத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும், மடிப்பும் வெளுக்காது.

அலை விழுவது வெள்ளைப் பசையின் நீரால். குப்பியிலிருந்து நேரே பிழியாமல், ஒரு அட்டைத் துண்டின் ஓரத்தால் தோசைமாவு போலன்றி மெழுகுவதுபோல மிக மெல்லியதாக இழுத்துப் பூச வேண்டும். பெரிய பரப்புக்கு இரட்டைப்பக்க டேப் நல்லது. மழைக்காலத்தில் பசை காயும் வரை கவ்விகளைக் கழற்றாதீர்கள். சித்திரை வெயிலிலோ பூசியவுடன் சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் சேர்ப்பதற்குள் மேலே ஏடு கட்டிவிடும்.

மறுநாள் அடியில் எண்ணெய்க் கறை

திருநெல்வேலியில் பரிசுப்பெட்டி செய்துவிட்டு அல்வாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. நெய் எந்த அட்டையையும் ஊடுருவும். வாழையிலையைச் சுற்றினாலும் விளிம்பு வழியே கசியும். முதலில் அல்வாவை முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக அடைத்தால் ஆவி மேல்மூடியில் படிந்து அதையும் இளக்கும். பிறகு உணவுக்கென்றே விற்கும் மூடியுள்ள சிறு டப்பாவில் அடைத்து, பட்டர் பேப்பரில் சுற்றி, அதன் பிறகே கெண்டிக்குள் வைக்க வேண்டும். அச்சு மை பட்ட தாளோ செய்தித்தாளோ உணவில் நேராகப் படக்கூடாது. செய்தித்தாளில் உணவைப் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிமுறைகளே தடை செய்கின்றன. கருப்பட்டிக்கு நெய்க்கசிவு கிடையாது, ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே அதற்கும் காற்றுப் புகாத உறை வேண்டும்.

எல்லாம் சரி, பார்ப்பவர்கள் கெண்டி என்று சொல்லவில்லை

"இது பூவாளில்லா அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டுவிட்டால் ஒட்டுவேலையில் குறை தேடிப் பயனில்லை, நிழலுருவில்தான் குறை. உண்மையான கெண்டியில் மூக்கின் நுனி, வாய் விளிம்பின் உயரத்துக்காவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் நிரப்பும்போதே தேநீர் மூக்கு வழியே ஒழுகிவிடும். தாள் கெண்டியில் எதுவும் ஒழுகப்போவதில்லை என்றாலும் கண் அந்த உயரத்தை எதிர்பார்க்கிறது. நம் மாதிரியில் மூக்கு ஏறக்குறைய 80 மி.மீ. நீளம் இருந்தால்தான் அது நிறைவேறும். அடுத்தது பிடியின் துளை. கெண்டியின் பிடி விரல்கள் நுழைவதற்கானது. துளை சிறுத்தால் அது வெறும் புடைப்பாகத் தெரியும்.

விநோத வடிவங்களில் எதைத் தாளுக்குத் தேர்ந்தெடுப்பது என்பதிலும் பாதி வெற்றி இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே வீட்டு வடிவிலும் ஒட்டக வடிவிலும் உப்பு மெருகிட்ட தேநீர்க் கெண்டிகளைச் செய்தார்கள். வீட்டு வடிவம் தாளுக்கென்றே பிறந்தது போன்றது: சுவர் தட்டை, கூரை தட்டை, கூரையையே மூடியாக்கிவிடலாம், முதல் முயற்சிக்கு அதைவிட நல்லது இல்லை. ஒட்டகத்தை மேசையிலேயே விட்டுவிடுங்கள். அதே நூற்றாண்டில் புகழ்பெற்ற காலிஃபிளவர் கெண்டி பார்க்கக் கடினமாகத் தோன்றும். ஆனால் எட்டுப் பக்க வயிற்றின்மேல் பச்சைத் தாள் இலைகளை அடுக்கி ஒட்டினால் மூலைகளெல்லாம் மறைந்துவிடும். 1930-களில் சாட்லர் நிறுவனம் வெளியிட்ட பந்தயக் கார் கெண்டியில் உருண்டைகள் அதிகம். பழகிய கைக்குத்தான் அது. சீனத்தின் யீசிங் களிமண் கெண்டிகளில் மரத்தண்டு வடிவம் ஒன்று உண்டு. உருளை என்பதால் தாள் அதற்கு இணங்கும். இதே வரிசையில் நம் வீட்டுப் பூசையறைப் பித்தளைக் கெண்டியையும் சேர்க்கலாம்: பிடியே இல்லாததால் பாதி வேலை மிச்சம்.

இப்போது கடையில் விற்கும் ஒரு நிறுவனத்தின் கெண்டியை அப்படியே நகலெடுத்துப் பெட்டியாக விற்க நினைப்பவர்கள், அந்த வடிவம் பதிவு செய்யப்பட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி பதிவுக்கு 10 ஆண்டும் நீட்டிப்பாக 5 ஆண்டும் உரிமை உண்டு.

நிழலுரு சரியா என்று அறிய, வண்ணம் பூசுவதற்கும் அச்செடுப்பதற்கும் முன்னால், பத்திரிகை அட்டையில் செய்த வெள்ளோட்டப் பெட்டியைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விவரம் தெரியாத ஒருவரிடம் என்னவென்று கேளுங்கள். கெண்டி என்ற சொல் உடனே வராவிட்டால் முதலில் மூக்கை நீட்டுங்கள், பிறகு பிடியின் துளையைப் பெரிதாக்குங்கள், கடைசியாகக் குமிழை உயர்த்துங்கள். வயிற்றைத் தொட வேண்டாம், ஏனென்றால் உள்ளே போகும் டப்பாவின் அளவுக்குத்தான் அதை வெட்டியிருக்கிறோம்.